ஆமைக் கூண்டில் பூசணம் ஏன்?

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் திண்டுக்கல்லில் மூன்று தொழிலாளர்களைக் கவலையும் பிடித்துக்கொள்ளும். நாகல் நகர் நெசவாளருக்குத் தம் பாவைப் பற்றிய கவலை. கஞ்சி போட்ட பாவு சரியாகக் காயாமல் சுருட்டி வைக்கப்பட்டால், சில நாட்களில் நூலில் சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றிவிடும். சின்ன வெங்காய மண்டிக்காரருக்குத் தம் மூட்டைகளைப் பற்றிய கவலை. புழுக்கமான கிடங்கில் அடுக்கிய வெங்காயத்தின் தோலில் கரித்தூள் தூவியதுபோல் கறுப்புப் பொடி படிந்துவிடும். தோல் ஷாப்புக்காரருக்குப் பதனிடாமல் கிடக்கும் தோலைப் பற்றிய கவலை.

மூவருக்கும் எதிரி ஒன்றே, அதுதான் பூசணம். மூவரும் அறிந்த மருந்தும் ஒன்றே, நீரை எடுத்துவிடுவது. நெசவாளர் பாவை வெயிலில் நீட்டுகிறார். மண்டிக்காரர் வெங்காயத்தைக் காற்றாடப் பரப்புகிறார். தோல்காரர் உப்பைத் தேய்த்துத் தோலிலுள்ள நீரை இழுத்துவிடுகிறார்.

இவர்களோடு நான்காவதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்வோம். அவர் உயிரியல் பூங்காவிலோ வனத்துறையின் மீட்பு மையத்திலோ தரை ஆமைகளைப் பராமரிப்பவர். மழைக்காலத்தில் அவருடைய கூண்டிலும் மண்ணின் மேல் வெள்ளைப் பஞ்சு போலவும், மரக்கட்டையில் பச்சைப் பொடி போலவும், சில நாள் மஞ்சள் நாய்க்குடையாகவும் பூசணம் முளைக்கிறது. ஆனால் மற்ற மூவரின் மருந்து இவருக்கு உதவாது. பாவைக் காயவைப்பதுபோல் ஆமையைக் காயவைக்க முடியுமா? தோலுக்கு உப்பிடுவதுபோல் ஆமைக்கு உப்பிட முடியுமா? கூண்டுக்குள் இருப்பது உயிர். அதற்கு ஈரமும் வேண்டும், பூசணமும் கூடாது.

மாணவர்களே, இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வழி ஏதாவது பூச்சிமருந்துப் புட்டியில் இல்லை. உங்கள் இயற்பியல் பாடத்தில் 'ஈரப்பதம்' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. அதைப் படிப்படியாகக் காண்போம்.

பூசணம் எங்கிருந்து வருகிறது?

பூசணம் என்று நாம் சொல்வது பூஞ்சை என்னும் உயிரினம். அது தாவரமும் அன்று, விலங்கும் அன்று. மெல்லிய இழைகளாகப் படர்ந்து, தான் படர்ந்த பொருளையே செரித்து உண்ணும். பிறகு ஸ்போர்கள் எனப்படும் நுண்வித்துகளைக் கோடிக்கணக்கில் காற்றில் விடும். வெங்காயத் தோலில் கண்ட கறுப்புப் பொடி அத்தகைய நுண்வித்துகளின் குவியல்தான். அந்தப் பூஞ்சையின் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர்.

இந்த வித்துகளைக் கூண்டுக்குள் வராமல் தடுத்துவிட்டால் என்ன? அது முடியாத காரியம். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வித்தின் குறுக்களவு 3 மைக்ரான் என்று கொள்வோம். நம் தலைமுடியின் தடிமனில் இது சுமார் இருபதில் ஒரு பங்கு. இத்தனை சிறிய கோளம் காற்றில் விழும்போது, காற்றின் பாகுநிலை அதைத் தடுக்கிறது. நீங்கள் மேல்வகுப்பில் படிக்கும் ஸ்டோக்ஸ் விதியின்படி கணக்கிட்டால், அதன் முற்றுத் திசைவேகம் நொடிக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர். அதாவது ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்! அதுவும் காற்று அசையாமல் நின்றால். யாராவது கதவைத் திறந்தால் போதும், வித்து மறுபடி மேலே போய்விடும்.

ஆகவே நாம் மூச்சுவிடும் காற்றில் எப்போதும் பூஞ்சை வித்துகள் மிதந்துகொண்டே இருக்கின்றன. சுத்தமான வீட்டிலும் உண்டு, ஆமைக் கூண்டிலும் உண்டு. பூசணம் பிடித்தால் "சுத்தம் போதவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். வித்து எங்கும் இருக்க, சில இடத்தில் மட்டும் அது முளைக்கிறது என்றால், அந்த இடத்தில் என்ன அதிகம் என்பதே கேள்வி. விடை, நீர்.

எவ்வளவு ஈரம் இருந்தால் முளைக்கும்?

ஒரு வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் உள்ள ஆவியின் அழுத்தத்தைத் தெவிட்டிய ஆவி அழுத்தம் என்கிறோம். காற்றில் உண்மையில் உள்ள ஆவியின் அழுத்தம் அதில் எத்தனை சதவீதம் என்பதே ஒப்பு ஈரப்பதம். கீழே உள்ள பட்டியலைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பல இடங்களில் தேவைப்படும்.

வெப்பநிலையும் தெவிட்டிய ஆவி அழுத்தமும் (பாதரச மில்லிமீட்டரில்)
20 டிகிரி செல்சியஸ் – 17.5
22 டிகிரி – 19.8
24 டிகிரி – 22.4
26 டிகிரி – 25.2
28 டிகிரி – 28.3
30 டிகிரி – 31.8

பத்து டிகிரி வெப்பம் ஏறினால் எல்லை ஏறத்தாழ இரு மடங்காவதைக் கவனியுங்கள்.

சாதாரணப் பூஞ்சைகள் பெரும்பாலும், தாம் ஒட்டிக்கொண்டிருக்கும் பரப்பை ஒட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் நன்றாக வளர்கின்றன. வறட்சியைத் தாங்கும் சில வகைகள் 65 முதல் 75 சதவீதம் வரை உள்ள இடத்திலும் மெதுவாக வளரும். அதற்கும் கீழே போனால் ஏறக்குறைய எல்லாமே உறங்கிவிடும். சாகா, உறங்கும். மீண்டும் ஈரம் கிடைத்தால் விழித்துக்கொள்ளும்.

இங்கே 'பரப்பை ஒட்டிய காற்று' என்ற சொற்கள் முக்கியமானவை. கூண்டின் நடுவில் தொங்கும் ஈரமானி 60 சதவீதம் என்று காட்டலாம். அதைப் பார்த்து, "80-க்குக் குறைவாகத்தானே இருக்கிறது, பூசணம் வராது" என்று முடிவு செய்தால் ஏமாந்துபோவோம்.

ஒரே கூண்டில் இரண்டு பருவங்கள்

கூண்டின் நடுவில் காற்று 30 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதம் என்று கொள்வோம். அப்படியானால் காற்றிலுள்ள ஆவியின் அழுத்தம் 31.8-இல் 60 சதவீதம், அதாவது 19.1 மில்லிமீட்டர்.

கூண்டின் ஒரு மூலை வெளிச்சுவரை ஒட்டியிருக்கிறது. மழையில் நனைந்த அந்தச் சுவரின் வெப்பநிலை 24 டிகிரி. நடுவிலிருந்து காற்று அங்கே போய்ச் சுவரைத் தொட்டதும் அதுவும் 24 டிகிரிக்குக் குளிர்ந்துவிடுகிறது. ஆவி அதே 19.1 மில்லிமீட்டர்தான். ஆனால் எல்லை 31.8-லிருந்து 22.4-ஆகக் குறைந்துவிட்டது. 19.1-ஐ 22.4-ஆல் வகுத்தால் 85 சதவீதம். பூசணம் வளர்வதற்கு இது போதும். ஒரே கூண்டு, ஒரே காற்று. நடுவில் கோடைக்காலம், மூலையில் மழைக்காலம்!

அந்தச் சுவர் இன்னும் குளிர்ந்து சுமார் 21 டிகிரியை அடைந்தால் ஈரப்பதம் 100 சதவீதமாகும். அதுவே அந்தக் காற்றின் பனிநிலை. அதன் பிறகு சுவரில் நீர்த்துளிகள் படியும். அவை வழிந்து மண்ணில் இறங்கும். "தண்ணீரே ஊற்றவில்லை, மண் எப்படி நனைந்தது?" என்று பராமரிப்பவர் வியப்பார்.

சாயங்காலம் விளக்கு போட்டுச் சூடாக்கிவிட்டு, இரவில் கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ கொண்டு மூடிவைக்கும் கூண்டுகளில் இது நாள்தோறும் நடக்கிறது. விளக்கின் வெப்பம் மண்ணிலுள்ள நீரை ஆவியாக்குகிறது. மூடி அதை வெளியே விடுவதில்லை. விடியற்காலையில் மூடியின் உட்புறம் துளித்துளியாய் நீர் கோத்திருக்கும். சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. ஆகவே சூடாக்குவதால் மட்டும் கூண்டு உலர்ந்துவிடாது. நீர் மண்ணிலிருந்து மூடிக்கும், மூடியிலிருந்து மண்ணுக்கும் பயணம் செய்துகொண்டிருக்கும், அவ்வளவே.

காய்வதற்கு எவ்வளவு நேரம்?

பூஞ்சை வித்து முளைக்க ஈரம் மட்டும் போதாது; அந்த ஈரம் தொடர்ந்து பல மணி நேரம், நாள்கணக்கில் நீடிக்கவும் வேண்டும். காலையில் நனைந்து பகலில் காய்ந்துவிடும் தரையில் பூசணம் எளிதில் வேரூன்றுவதில்லை. எனவே, "எங்கே ஈரம்?" என்பதோடு "எவ்வளவு நேரம் ஈரம்?" என்றும் கேட்க வேண்டும்.

ஈரப் பரப்பு காயும் வேகத்தை டால்டன் விதி கூறுகிறது. பரப்பில் உள்ள தெவிட்டிய ஆவி அழுத்தத்துக்கும் காற்றில் உள்ள ஆவி அழுத்தத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்கு ஏற்றபடி நீர் ஆவியாகும். காற்றோட்டம் அந்த வேகத்தை மேலும் கூட்டும். மண்ணும் காற்றும் 30 டிகிரியில் இருக்கட்டும். ஈரப்பதம் 60 சதவீதமானால் வேறுபாடு 31.8 – 19.1 = 12.7 மில்லிமீட்டர். ஈரப்பதம் 90 சதவீதமானால் ஆவி அழுத்தம் 28.6, வேறுபாடு 3.2 மட்டுமே. நான்கில் ஒரு பங்கு! முதல் நாள் மூன்று மணி நேரத்தில் காய்ந்த மண், இரண்டாம் நாள் காயப் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பூஞ்சைக்குக் கிடைத்த கூடுதல் அவகாசம் அது.

"மழைநாளில் வெளிக்காற்றே ஈரமாயிற்றே, அதை உள்ளே விட்டு என்ன பயன்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வெளியே 24 டிகிரி, 90 சதவீதம் என்று வையுங்கள். ஆவி அழுத்தம் 22.4-இல் 90 சதவீதம், அதாவது 20.2. அந்தக் காற்று கூண்டுக்குள் வந்து விளக்கால் 30 டிகிரிக்குச் சூடானால், ஈரப்பதம் 20.2-ஐ 31.8-ஆல் வகுக்க வருவது, அதாவது 63 சதவீதம்தான். வெளியே ஈரக்காற்றாக இருந்தது உள்ளே உலர்காற்றாகிவிட்டது. வெப்பமும் காற்றோட்டமும் சேர்ந்தால்தான் கூண்டு உலரும்.

ஆமையின் இக்கட்டு

அப்படியானால் கூண்டை எப்போதும் உலர்ந்தே வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 2003-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், வியன்னா நகர ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க முள்தொடை ஆமைக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதங்களில் வளர்த்தார்கள். வறண்ட இடத்தில் வளர்ந்த குஞ்சுகளின் ஓட்டுத் தகடுகள் சிறு கோபுரங்கள் போல் மேடாக எழும்பின. ஈரமான இடத்தில் வளர்ந்தவற்றின் ஓடு அதைவிட வழவழப்பாக இருந்தது. உணவில் புரதம் கூடியதால்தான் ஓடு இவ்வாறு கோணுகிறது என்று பலர் நம்பி வந்தனர். ஆனால் புரதத்தைவிட ஈரப்பதமே பெரிய காரணமாக அந்த ஆய்வில் தெரிந்தது.

மறுபக்கம், ஈரம் மிகுந்தால் பூஞ்சை கூண்டோடு நிற்பதில்லை. ஆமையோட்டின் மேல்தகடுகள் கெராட்டின் என்ற பொருளால் ஆனவை. நம் நகமும் அதே பொருள்தான். அதையும் தின்னும் பூஞ்சைகள் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் ஆமைகளில் ஓட்டுத் தகடுகளை அரிக்கும் நோய்க்கு ஃபியூசேரியம் வகைப் பூஞ்சை ஒன்றே காரணம் என்று 2001-இல் கண்டறிந்தார்கள். வித்துகளை மூச்சோடு இழுத்தால் நுரையீரலும் நோய்ப்படும். நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் ஆமைக்கு இல்லை. சளியை வலுவாக இருமி வெளியே தள்ள அதனால் இயலாது.

இன்னொரு குறையும் உண்டு. 2009-இல் வெளியான ஆய்வொன்றில் 4,802 பூஞ்சை மாதிரிகளைப் பல வெப்பநிலைகளில் வளர்த்துப் பார்த்தார்கள். 30-க்கும் 40-க்கும் இடையே ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சுமார் 6 சதவீத மாதிரிகள் வளர இயலாமல் நின்றுபோயின. 37 டிகிரியில் இருக்கும் நம் உடலின் சூடு நமக்கு ஓர் இயற்கை அரண். ஆமைக்கு அந்த அரண் பிறவியில் இல்லை. அதன் உடல், சூழலின் வெப்பத்தையே பெறுகிறது. வெயில் காய்ந்தால்தான் அது தன் அரணை எழுப்பிக்கொள்ள முடியும். குளிர்ந்த, ஈரமான, வெயில் எட்டாத மூலையில் அடைபட்ட ஆமைக்கு அந்த வழியும் அடைபடுகிறது.

வறண்டால் ஓடு கோணும். நனைந்தால் ஓடு அரிக்கும். இதுவே இக்கட்டு.

காட்டில் என்ன நடக்கிறது?

தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளில் வாழ்வது நட்சத்திர ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள் பரவிய அழகான பிராணி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ள நம் சமவெளி போன்ற நிலம் அதற்கு ஏற்றது. இங்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினாலும் அந்த ஆமைகள் பூசணம் பிடித்து அழிந்துவிடவில்லையே, ஏன்?

முதலாவது, செம்மண்ணும் சரளையும் நீரை உள்ளே விட்டுவிடுகின்றன. மேல்பரப்பு விரைவில் காய்கிறது. இரண்டாவது, காற்று தடையின்றி வீசுகிறது. மூன்றாவது, மேகம் விலகியதும் வெயில் மண்ணைச் சூடாக்குகிறது. நான்காவது, இதுவே முக்கியம், ஆமை தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறது. காலையிலும் மாலையிலும் மேய்கிறது. உச்சி வெயிலில் புதரடியில், வேர்களின் நடுவே, ஈரம் தங்கிய நிழலில் ஒதுங்குகிறது. உடல் குளிர்ந்தால் வெயிலுக்கு வருகிறது. ஈரமும் உலர்வும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கால்களும் இருக்கின்றன.

ஆகவே, "கூண்டின் ஈரப்பதம் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும்?" என்று ஒரே எண்ணைத் தேடுவதே தவறு. கூண்டில் ஈரமான ஓர் இடமும் உலர்ந்த பல இடங்களும் இருக்க வேண்டும். இரவில் ஏறிய ஈரம் பகலில் இறங்கிவிட வேண்டும்.

கூண்டைச் சீர்செய்யும் முறை

மீட்பு மையங்களிலும் பூங்காக்களிலும் பின்பற்றத்தக்க வழிகளை வரிசையாகப் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் காரணத்தை மேலே கண்ட பகுதிகளிலேயே நீங்கள் கண்டுபிடிக்கலாம்.

1. முதலில் ஆமையை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். பூசணம் பிடித்த மண்ணையும் இலையையும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, வித்துகள் கிளம்பிவிடும். லேசாக நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, அள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இவ்வேலையில் இறங்கவே கூடாது.

2. நீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி சிந்துகிறதா? சுவர் கசிகிறதா? தரையின் அடியிலிருந்து நுண்புழை ஏற்றத்தால் ஈரம் மேலேறுகிறதா? தின்றது போக மீதமான கீரையும் வெள்ளரியும் அங்கேயே கிடக்கின்றனவா? வெள்ளரிக்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். மீதி உணவை அன்றன்றே எடுத்துவிட வேண்டும்.

3. கூண்டில் கீழே ஒரு பக்கமும், மேலே எதிர்ப்பக்கமும் காற்று வழி வைக்க வேண்டும். சூடான காற்று இலேசானது. நீராவி கலந்த காற்றோ உலர்ந்த காற்றைவிட மேலும் இலேசானது; ஏனெனில் நீரின் மூலக்கூறு எடை 18, காற்றின் சராசரி மூலக்கூறு எடையோ 29. ஆகவே ஈரக்காற்று தானாகவே மேல் துளை வழியே வெளியேறும்; கீழ்த்துளை வழியே புதுக்காற்று வரும்.

4. தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கூண்டு முழுவதும் பரப்பினால் கூண்டே ஈரப்பஞ்சாகிவிடும். அடியில் சரளை, மேலே மணல் கலந்த மண் என்று அமைத்தால் நீர் கீழே வடியும், மேல்பரப்பு காயும். மேல்மண்ணை அவ்வப்போது கிளறிவிட வேண்டும்.

5. கவிழ்த்த அரைப்பானை போன்ற ஒரே ஒரு மறைவிடத்தில் மட்டும் ஈர நார்க்கழிவு இருக்கட்டும். ஆமை வேண்டியபோது அங்கே போகும். சிறிய அளவென்பதால் அதை அடிக்கடி மாற்றுவதும் எளிது.

6. மாற்றுமண் ஒரு பங்கை எப்போதும் மொட்டை மாடியில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் காயவைத்திருக்க வேண்டும். திண்டுக்கல் வெயிலைவிட மலிவான பூஞ்சைக் கொல்லி கிடையாது. கற்களையும் தொட்டியையும் கொதிநீர் ஊற்றிக் கழுவிக் காயவைக்கலாம்.

7. பயிருக்குத் தெளிக்கும் பூஞ்சைக் கொல்லி, மயில்துத்தம், பிளீச்சிங் பவுடர், அந்துருண்டை ஆகியவற்றை ஆமை இருக்கும் இடத்தில் பயன்படுத்தவே கூடாது. ஆமை மண்ணோடு சேர்த்துத்தான் இலையைக் கடிக்கிறது. ஓட்டைப் பளபளப்பாக்க எண்ணெய் தடவுவதும் கூடாது. ஓட்டில் மென்மையான புள்ளியோ, உதிரும் தகடோ, நாற்றமோ தென்பட்டால் கால்நடை மருத்துவரையே நாட வேண்டும்.

ஈரத்தை அளப்போம்

ஈரமானி விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பள்ளி ஆய்வகத்திலுள்ள ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகள் போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது. ஒன்றின் குமிழில் பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனி சிறு குப்பியிலுள்ள நீரில் தோய்ந்திருக்கும்படி வையுங்கள். இரண்டுக்கும் ஐந்து நிமிடம் விசிறியால் வீசுங்கள். நீர் ஆவியாவதால் ஈரக் குமிழ் குளிரும். காற்று எவ்வளவு உலர்ந்ததோ அவ்வளவு வேறுபாடு தோன்றும்.

உலர்குமிழ் 30 டிகிரி காட்டும்போது, இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் ஒப்பு ஈரப்பதமும்:
2 டிகிரி – 86 சதவீதம்
3 டிகிரி – 79 சதவீதம்
4 டிகிரி – 73 சதவீதம்
6 டிகிரி – 61 சதவீதம்
8 டிகிரி – 50 சதவீதம்

மூன்று டிகிரிக்கும் குறைவான வேறுபாடு என்றால் பூசணத்துக்கு அழைப்பு வைத்தாயிற்று என்று பொருள். உங்கள் வீட்டுப் புத்தக அலமாரி, தானியக் குதிர், தறிக்குழி, முயல் கூண்டு என எங்கு வேண்டுமானாலும் அளக்கலாம். காலை 6 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும், நடுவிலும் மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். ஒரே அறையில் எத்தனை வேறுபாடு என்று வியந்துபோவீர்கள்.

செய்து பாருங்கள்

கஞ்சியில் தோய்த்து வெயிலில் நன்றாகக் காயவைத்த பருத்தித் துணித் துண்டுகள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். இறுக மூடக்கூடிய மூன்று கண்ணாடிப் புட்டிகளில் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். முதல் புட்டியின் அடியில் சிறிது நீர். அங்கே ஈரப்பதம் 100 சதவீதத்தை நெருங்கும். இரண்டாவதில் கரையாத உப்பும் எஞ்சியிருக்கும் அளவுக்குக் கெட்டியான உப்புநீர். அங்கே ஈரப்பதம் தானாகவே 75 சதவீதத்தில் நிற்கும். மூன்றாவதில் வாணலியில் வறுத்து ஆறவைத்த அரிசி. அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். துணி எதிலும் நனையக் கூடாது.

நிழலில் வைத்து நாள்தோறும் கவனியுங்கள். முதல் புட்டியில் ஓரிரு வாரத்தில் புள்ளிகள் தோன்றும். இரண்டாவது பல வாரம் தாங்கும். மூன்றாவது மாறாமல் இருக்கும். மூன்று துணியிலும் வித்துகள் ஒன்றுபோல்தான் இருந்தன. வேறுபட்டது நீர் மட்டுமே. பூசணம் பிடித்த புட்டியைத் திறக்காமலே அப்புறப்படுத்துங்கள்.

ஆமையை வீட்டில் வளர்க்கலாமா?

இதைப் படித்துவிட்டு யாரும் நட்சத்திர ஆமையைத் தேடிப் புறப்பட்டுவிடக் கூடாது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்றார்கள் முன்னோர். இன்றோ சிலர் அதை அதிர்ஷ்டப் பிராணி என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். அத்தகைய வீட்டுக்கு இன்று அமீனாவுக்குப் பதில் வனத்துறை அதிகாரி வருவார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த ஆமையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். 2022-இல் செய்த திருத்தத்தால் இது முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளது. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 2019-இல் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்திலும் இதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பு அளிக்கப்பட்டது.

ஆனாலும் பெட்டிகளில் அடைத்துக் கடத்துவது நின்றபாடில்லை. சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் 2018 நவம்பரில் விமானத்தில் பெங்களூருக்குத் திரும்பி வந்தன. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்குமேல் உள்ள ஊர் சிங்கப்பூர். வறண்ட புதர்க்காட்டுப் பிராணிக்கு அது எத்தகைய இடம் என்று இப்போது உங்களால் கணக்கிட்டே சொல்ல முடியும் அல்லவா?

வயல்வெளியில் ஆமையைக் கண்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். யாரிடமாவது இருப்பது தெரிந்தால் பெரியவர்கள் மூலம் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். நீங்களாகவே காட்டில் கொண்டுபோய் விட வேண்டாம். அடைபட்ட இடத்தில் தொற்றிய பூஞ்சையையும் கிருமியையும் அது காட்டிலுள்ள ஆமைகளுக்குக் கொடுத்துவிடக் கூடும். ஆமைகளைப் பார்க்க விரும்பினால், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணைக்குப் போகலாம். அங்கே அல்டாப்ரா இராட்சத ஆமைகளும் உண்டு. அவற்றின் இருப்பிடத்தில் நிழல் எங்கே, வெயில் எங்கே, நீர் எங்கே என்று கவனித்து வாருங்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள்

1. வெளிக்காற்று 22 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம். அது கூண்டுக்குள் 28 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் என்ன?

2. கூண்டுக் காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். 24 டிகிரியில் உள்ள சுவரில் நீர்த்துளி படியுமா?

3. 30 டிகிரியில், ஈரப்பதம் 60 சதவீதமாக இருந்தபோது 4 மணி நேரத்தில் காய்ந்த மண், 80 சதவீதத்தில் காய எவ்வளவு நேரம் ஆகும்? காற்றோட்டம் ஒரே அளவு என்று கொள்க.

விடைகள்: 1. சுமார் 66 சதவீதம். 2. படியும், ஆவி அழுத்தம் 23.9, சுவரின் எல்லை 22.4. 3. சுமார் 8 மணி நேரம்.